பட்டியலில் கடைசிப் பெயர்

வேதமாணிக்கம் அண்ணாச்சி காலமான செய்தி வந்தபோது நான் செகந்திராபாத் ஏ.எஸ்.ராவ் நகர் மார்க்கெட்டில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொண்டாப்பூரிலிருந்து அவருடைய கடைசி மகள் பெனிட்டா போனில் பேசினாள். "அங்கிள், டாடி போயிட்டாங்க. காலைல காபி குடிச்சாங்க, நாற்காலில சாஞ்சாங்க, அவ்வளவுதான்" என்றாள். அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் ஓடவில்லை. மீதியைத் தெலுங்கிலும் ஆங்கிலத்திலுமாகச் சொன்னாள். வெண்டைக்காயைக் கூடையிலேயே போட்டுவிட்டு, கடைக்காரர் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன். எண்பத்தாறு வயது மனிதர் போவதை எதிர்பாராதது என்று சொல்ல முடியாது. ஆனால் நான் அவரிடம் ஒரு காரியத்தை நாற்பது வருடத்துக்கு மேலாகத் தள்ளிப்போட்டு வந்திருந்தேன். அது அந்த நிமிடம்தான் உறைத்தது.

அடக்கத்துக்கு நம் சபையாரில் பலர் வந்திருந்தீர்கள். கல்லறைத் தோட்டத்தில் எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "எத்தனை வருஷம் பொருளாளரா இருந்த மனுஷன். ஆனா காணிக்கைப் பட்டியல்ல எப்பவும் கடைசிப் பேரு அவருதுதான்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. செத்தவருக்குச் சர்க்கரை வியாதி இருந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார். பெனிட்டா அதைக் கேட்டுவிட்டாள். கை கழுவுகிற இடத்தில் என் அருகில் வந்து, "அங்கிள், டாடி ஏன் அவ்ளோ கம்மியா குடுத்தாங்க? நாங்க நாலு பொண்ணுங்களும் சின்ன வயசுலேர்ந்து அந்த லிஸ்ட்டைப் பாத்து வெக்கப்பட்டிருக்கோம்" என்றாள். அது கை கழுவி முடிப்பதற்குள் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை. இதுதான் அந்தப் பதில். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். எழுபதுகளில் நம் தமிழ்ச் சபையில் பாதிப் பேர் ரயில்வே பட்டறைக் குடும்பங்கள். மீதியில் பெரும்பாலோர் என்னைப் போல எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அண்ணாச்சி அந்தத் தொழிற்சாலையில் சம்பளப் பிரிவில் இருந்தார். எங்கள் சம்பளச் சீட்டுகள் அவர் கைப்பட எழுதியவை. ஞாயிற்றுக்கிழமை அதே மனிதர் சபையின் பொருளாளர். எங்கள் மாதக் காணிக்கை உறைகளைப் பிரித்து எண்ணுவதும் அவர்தான். ஆக, நாங்கள் வாங்குவது எவ்வளவு, கொடுப்பது எவ்வளவு என்ற இரண்டும் தெரிந்த ஒரே மனிதர் அவர். எங்கள் மனைவிமார்களுக்கே இரண்டில் ஒன்றுதான் தெரிந்திருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு அவர் கண்ணில் படாமல் கோவிலுக்குள் நுழைய நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

அவரோ எங்களைப் பார்ப்பதே இல்லை. கடைசி பெஞ்சில் உட்காருவார். காணிக்கைத் தட்டு கடந்து போகும்போது யார் என்ன போடுகிறார்கள் என்று தெரியக்கூடாது என்பதற்காகத் தலையைக் குனிந்துகொள்வார். தொழிற்சாலைக் கேண்டீனில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார். நாங்கள் அவருக்குப் பூட்டு என்று பெயர் வைத்திருந்தோம். அது அவருக்கும் தெரியும். ஒரு தரம் என்னிடமே, "பூட்டு வந்துட்டேன், சாவியைக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கங்களில் காணிக்கை கொடுக்கிற ஒவ்வொருவர் பெயரும், அந்த வருடம் கொடுத்த மொத்தத் தொகையும் அச்சாகும். அதுவும் கூடுதலாகக் கொடுத்தவர் மேலே, குறைவாகக் கொடுத்தவர் கீழே. யார் கண்டுபிடித்த வரிசையோ தெரியாது. அறிக்கை கையில் கிடைத்ததும் முதலில் போதகரின் செய்தியைப் படித்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. எல்லோரும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் திறப்போம்.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. வேலை நிரந்தரமாகி, பாடகர் குழுவில் சேர்ந்து, உலகமே என்னைத்தான் பார்க்கிறது என்று நினைத்துத் திரிந்த காலம். பாட்டுக்கு என் பக்கத்தில் நிற்கிறவன் ஒரு வங்கிக் குமாஸ்தா. அவன் மாதம் ஐம்பத்தைந்து ரூபாய் கொடுக்கிறான் என்று பட்டியலிலிருந்து கணக்குப் போட்டு வைத்திருந்தேன். காணிக்கை வாக்குறுதி அட்டையை நிரப்பும் ஞாயிறு வந்தபோது நான் அறுபது என்று எழுதினேன். என் சம்பளம் நானூற்றுப் பத்து. தசமபாகம், அதாவது பத்தில் ஒன்று, நாற்பத்தொன்று. அந்த நாற்பத்தொன்று கர்த்தருக்கு. மீதிப் பத்தொன்பது எனக்கு, அவனுக்கு ஒரு வரி மேலே நிற்பதற்கு. அண்ணாச்சி அட்டையை வாங்கிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "தம்பி, இது அச்சுல வரும்" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அச்சில் வந்தது. என் அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். மௌலா அலியில் வாடகை வீடு. அவர் பட்டியலைப் பார்த்து, பன்னிரண்டால் வகுத்து, பத்தால் பெருக்கி, மகனுக்கு அறுநூறு ரூபாய் சம்பளம் என்று காலனி முழுக்கச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு நான் கொடுத்தது போக மிச்சத்தை வங்கியில் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. திருத்துவதென்றால் பத்தொன்பது ரூபாயின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து என் தங்கை கிரேஸை நாசரேத் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் அவளுக்கு மூன்று இடம் தட்டிப் போயிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். என் அப்பா பிஸ்கட் தட்டோடு ஆண்டறிக்கையையும் சேர்த்து வைத்தார், குடும்பத்தின் மதிப்புத் தெரியட்டும் என்று. தலைமையாசிரியர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, என் பெயருக்குப் பக்கத்தில் வகுத்தார், பெருக்கினார், அறுநூறு என்று எழுதி வட்டம் போட்டார். அப்பா பெருமையாகத் தலையாட்டினார். நாங்கள் நினைத்திருந்ததைப் போல ஒன்றரை மடங்கு நகையும் ரொக்கமும் கேட்டார்கள். "அறுநூறு ரூவா வாங்குத அண்ணன் இருக்கும்போது இது ஒரு தொகையா?" என்றார் அவர், சிரித்த முகமாக.

என் சம்பளம் நானூற்றுச் சொச்சம்தான் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் என்ன ஆகும்? பத்தில் ஒன்றுக்கு மேல் ஒருவன் தானாகக் கொடுக்கிறான் என்பதை யாரும் நம்ப மாட்டார்கள். தங்கைக்குச் செய்ய மனமில்லாமல் சம்பளத்தைக் குறைத்துச் சொல்கிறான் என்பார்கள். அப்பா பொய் சொன்னவர் ஆவார். கிரேஸ் அடுக்களை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

தலைமையாசிரியர் அதோடு விடவில்லை. வேதமாணிக்கம் தங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்தான், சம்பளப் பிரிவில்தான் இருக்கிறார், ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார். ஞாயிறு ஆராதனை முடிந்து கோவில் வாசலில், என்னையும் அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டார். எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. இந்த மனிதருக்கு உண்மை தெரியும், இவர் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள், ஒரே ஒரு வார்த்தையில் நான் வெளியே வந்துவிடுவேன். கெஞ்சுகிற கண்ணோடு அவரைப் பார்த்தேன். அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆபீஸ் விசயம் ஆபீஸோட. காணிக்கை விசயம் கர்த்தரோட. ரெண்டையும் எங்கிட்ட கேக்காதிய" என்று சொல்லிவிட்டு நடந்தார். தலைமையாசிரியர் என் அப்பாவின் தோளைத் தட்டினார். குறைவாக இருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பாராம். மறுக்காததே அத்தாட்சியாம்.

கல்யாணம் நடந்தது. தொழிற்சாலைக் கூட்டுறவுச் சங்கத்தில் நான் வாங்கக்கூடிய முழுக் கடனையும் வாங்கினேன். அதற்கடுத்த மாதத்திலிருந்து என் சம்பளச் சீட்டில் சொசைட்டிப் பிடித்தம் என்று ஒரு வரி சேர்ந்தது. அண்ணாச்சியின் கையெழுத்து குண்டு குண்டாக, அச்சடித்தது போல இருக்கும். மாதா மாதம் அந்தக் குண்டு எழுத்தில் என் கழுத்துச் சுருக்கைப் பார்த்தேன். என்னை மாட்டிவிட்டவரே கயிற்றையும் இழுக்கிறார் என்று தோன்றும். ஐந்து வருடம் அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் காரணம் கேட்கவில்லை.

காணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கிரேஸின் மாமனார் வருடா வருடம் ஆண்டறிக்கையைத் தபாலில் வரவழைத்தார். முதல் வருடம் கிரேஸ் எழுதியிருந்தாள்: மாமா பட்டியலைப் பார்த்தார்கள், அண்ணனுக்குச் சம்பள உயர்வு வரவில்லையா என்று கேட்டார்கள், எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அவ்வளவுதான் எழுதியிருந்தாள். மறு வருடம் நான் அறுபதை அறுபத்தைந்து ஆக்கினேன். நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

இதற்கு நடுவில் எனக்கும் கல்யாணமாயிற்று. ஜெயசீலி செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் தமிழில் பாதி இந்த ஊருடையது. வந்த மூன்றாம் மாதமே சம்பளச் சீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். கர்த்தருக்கு ஒன்று, சொசைட்டிக்கு மூன்று, வாடகைக்கு இரண்டு, அப்பா அம்மாவுக்கு ஒன்று என்று பத்து விரல்களில் ஏழை மடக்கி, மீதி மூன்று விரலை என் முகத்துக்கு நேரே காட்டினாள். அந்த மூன்று விரலில்தான் அரிசி, பால், மண்ணெண்ணெய், பின்னால் வந்த இரண்டு குழந்தைகள், அவர்களுடைய பள்ளிக்கூடம் எல்லாம். அவள் கடைசி வரை குறைத்துக்கொண்டது தன் பங்கைத்தான். கண் பார்வை மங்கி இரண்டு வருடமாகக் கண்ணாடி போடாமல் இருந்தாள். பாட்டுப் புத்தகத்தை ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பாடுவாள். எங்கள் வீட்டுச் சோற்றில் கல் கடிபட்டது. சின்னவள் ஒரு நாள் வாயிலிருந்து கல்லை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மறுபடி சாப்பிட்டாள். அது பழகிப்போன குழந்தையின் கை.

அந்தச் சமயத்தில்தான் போதகர் என்னைக் காணிக்கை எண்ணுகிற இரண்டாவது ஆளாக நியமித்தார். எண்ணும்போது இருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். மறுக்கக் காரணம் சொல்ல முடியாமல் ஒத்துக்கொண்டேன். கோவிலை ஒட்டிய சின்ன அறை. அண்ணாச்சி ஜன்னலைச் சாத்திவிடுவார். ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டுக்கொண்டு நோட்டுகளை எண்ணுவார். சில்லறையைப் பத்துப் பத்தாக அடுக்குவார். அவரவர் வீட்டு உறையை அவரவர் பிரிக்கக் கூடாது என்பது அவர் வைத்த விதி. என் உறையை அவர் பிரித்தார். அவருடைய உறை என் கைக்கு வந்தது. உள்ளே ஏழு ரூபாய் முப்பத்தைந்து பைசா இருந்தது. மறு மாதம் இருபத்திரண்டு ரூபாய் பத்து பைசா. அதற்கடுத்த மாதம் இரண்டே இரண்டு ரூபாய். ஒரு மாதம் போல ஒரு மாதம் இல்லை.

நாலாவது மாதம் அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். இது என்ன கணக்கு, இது எதில் பத்தில் ஒன்று என்று. குத்திக் காட்டத்தான் கேட்டேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மாத ஆரம்பத்தில் வீட்டில் உட்கார்ந்து நாலு பெண் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம், சாப்பாடு, மனைவியின் ஆஸ்துமா மருந்து, ஊரில் சித்தம் தெளியாமல் இருந்த தம்பிக்கு அனுப்புகிற பணம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுவாராம். "அப்புறம் கையில நிக்கி பாரு, அதுதான் நம்ம வருமானம். மத்தது நம்ம வழியாப் போற காசு. போற காசுல தசமபாகம் எடுத்தா அது அடுத்தவன் சோத்துல எடுக்குதது" என்றார். பிறகு, இது சரியா என்று தனக்கே நிச்சயமில்லை என்றும், போதகர் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்றும், மேலே போய்த் திட்டு வாங்க வேண்டியிருக்கலாம் என்றும் சொன்னார். பெனிட்டா, உன் கேள்விக்குப் பதில் இதுதான். உன் அப்பா கொடுத்தது ஒவ்வொரு மாதமும் சரியாகப் பத்தில் ஒன்று. பத்து எது என்பதில்தான் அவருக்கும் எங்களுக்கும் வித்தியாசம்.

அன்றே இன்னொன்றையும் கேட்டேன். அந்த ஞாயிறு கோவில் வாசலில் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று. அவர் எண்ணிக்கொண்டிருந்த நோட்டுக் கட்டைக் கீழே வைத்தார். அதற்குச் சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் அவரிடம் வந்து, தன் புருஷன் எவ்வளவு வாங்குகிறான் என்று மட்டும் சொல்லும்படி அழுதிருக்கிறாள். வீடு நடத்த முடியவில்லை என்றிருக்கிறாள். இவர் இரக்கப்பட்டுச் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு அவள் முகத்தில் பாதியை முந்தானையால் மூடிக்கொண்டு கோவிலுக்கு வந்தாள். அன்றிலிருந்து வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தாராம். இதைச் சொல்லிவிட்டு, "அதுக்காக உனக்குச் செஞ்சது நியாயம்னு சொல்லலை, தம்பி. அன்னைக்கு உன் கண்ணைப் பாத்தேன். பாத்துட்டுத்தான் செருப்பை மாட்டினேன்" என்றார். ஐந்து வருடக் கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வருட ஆண்டுக் கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு அவர் ஒரு தீர்மானம் எழுதினார். காணிக்கைப் பட்டியலில் தொகையை அச்சிட வேண்டாம், பெயர்களை மட்டும் அகரவரிசையில் அச்சிட்டால் போதும். ஒரே வாக்கியம். என்னிடம் முன்கூட்டிக் காட்டவும் இல்லை, ஆதரவு கேட்கவும் இல்லை. கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார். வாயே திறக்காத பூட்டு எழுந்து நின்றதில் எல்லோரும் அசந்துபோனார்கள். வழிமொழிபவர் யார் என்று போதகர் கேட்டார். பட்டியலின் மேல்வரிசைக்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள். கீழ்வரிசைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். என் ஒரு பக்கம் அப்பா, இன்னொரு பக்கம் அந்த வங்கிக் குமாஸ்தா. நான் அப்போது பட்டியலில் ஒன்பதாவது. இப்போது கையைத் தூக்கினால் இவனுக்கு என்னவோ முடை என்று தெரிந்துவிடும். அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார், ஒரு தடவைதான். போதகர் இரண்டாம் முறை கேட்டார், மூன்றாம் முறை கேட்டார். வழிமொழிய ஆள் இல்லாததால் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படவில்லை. அந்த அறையில் அது யாருக்கு மிக அவசியமோ அவன் கை மடியிலேயே கிடந்தது.

அவர் அந்தத் தாளை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். நாற்காலி அடுக்க நின்ற நான் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஜெயசீலி குழந்தையோடு வாசல் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும், "உங்க கை என்ன, மடியில ஒட்டிக்கிச்சா? எனக்கு நக்கோ, வேணாம் இந்த கௌரவம். கல்லைக் கடிச்சுக் கடிச்சுப் புள்ளைங்க பல்லுதான் போவுது" என்றாள். அடுத்த மாத முதல் ஞாயிறு காணிக்கை உறையை அவளே ஒட்டி என் கையில் கொடுத்தாள். உள்ளே எவ்வளவு என்று கேட்டேன். எண்ணுகிற இடத்தில் தெரிந்துகொள்ளச் சொன்னாள்.

அறையில் அண்ணாச்சி அதைப் பிரித்தார். பதினொரு ரூபாய் நாற்பது பைசா. அண்ணாச்சியின் கணக்கை நான் வீட்டில் சொல்லியிருந்தேன், அவள் அதன்படி எடுத்திருந்தாள். அவர் உறையைத் திருப்பி மேலே எழுதியிருந்த என் பெயரைப் பார்த்தார். அது என் கையெழுத்து இல்லை என்பது சம்பளச் சீட்டு எழுதுகிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? பதிவேட்டில் தொகையை எழுதிவிட்டு, "இந்த மாசந்தான் உன் வீட்டுக் காணிக்கை வந்திருக்கு" என்றார். அந்த மாதக் கடைசியில் ஜெயசீலி மூக்குக்கண்ணாடி வாங்கினாள். வாங்கி வந்த அன்று அரிசியை முறத்தில் பரப்பி, நாங்கள் இத்தனை நாள் தின்ற கல்லை நினைத்து அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அடுத்த ஆண்டறிக்கையில் நான் ஒன்பதிலிருந்து சரிந்து அண்ணாச்சிக்கு இரண்டு பெயர் மேலே வந்து நின்றேன். அப்பா முழங்கால் வலி என்று சொல்லி ஒரு மாதம் கோவிலுக்கு வரவில்லை. நாசரேத்தில் தலைமையாசிரியர் வழக்கம்போல் வகுத்துப் பெருக்கியிருக்கிறார். நூற்றுச் சொச்சம் வந்திருக்கிறது. மருமகளின் அண்ணனுக்கு வேலை போய்விட்டது, தினக்கூலியாக இருக்கிறான் என்று முடிவு செய்து, ரயில் பார்சலில் ஒரு மூட்டை அரிசியும் ஒரு சிப்பம் கருப்பட்டியும் அனுப்பிவிட்டார். கஷ்டகாலத்தில் சம்பந்திகளைக் கைவிட மாட்டோம் என்று கடிதம். வாங்கிய ரொக்கத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பார்சல் ஆபீசிலிருந்து மூட்டையை ரிக்‌ஷாவில் ஏற்ற அண்ணாச்சிதான் உடன் வந்தார். விவரத்தைச் சொன்னதும் மூட்டை மேலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்தக் கருப்பட்டியை அப்பா நிதானமாக உடைத்துக்கொண்டிருந்தபோது நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் சம்பளம் அறுநூறாக இருந்ததில்லை என்பதையும், பத்தொன்பது ரூபாயையும். அவர் உடைப்பதை நிறுத்தவில்லை. "அப்போ எனக்குக் குடுத்தது போக உன் கையில ஒண்ணுமே நின்னிருக்காதேல" என்றார். ஜெயசீலி அந்த மூட்டையிலிருந்து பத்தில் ஒரு பங்கை அளந்து சபைக்கு எடுத்து வைத்தாள். இந்தத் தசமபாகத்தில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது என்றாள்.

அண்ணாச்சி அந்தத் தீர்மானத்தை மறுபடி கொண்டுவரவில்லை. கொண்டுவாருங்கள், நான் வழிமொழிகிறேன் என்று அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விடுவேன். நான் வெளியே வந்த பிறகு அது எனக்கு அவசரமாகத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. கடன் அடைந்தது. இந்த ராவ் நகரில் வீடு கட்டினேன். ஜெயசீலி போய் ஆறு வருடமாகிறது. காணிக்கையை இப்போது போனில் அனுப்புகிறார்கள். பட்டியல் மட்டும் அப்படியே இருக்கிறது, மேலிருந்து கீழாக.

கல்லறைத் தோட்டத்தில் பெனிட்டா இன்னொன்றும் சொன்னாள். கொண்டாப்பூர் ஃபிளாட்டின் கடன் தவணை, இரண்டு பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் போக மாதக் கடைசியில் கிரெடிட் கார்டைத் தேய்க்கிறாளாம். ஆனாலும் சபைக்கு மொத்தச் சம்பளத்தில் பத்தில் ஒன்றுக்கும் மேலே அனுப்புகிறாள். "டாடி மாதிரி கடைசில வரக்கூடாதுன்னுதான் அங்கிள். இப்போ கம்மி பண்ணா எல்லாரும் என்ன நெனப்பாங்க?" என்றாள். இந்த வருடப் பட்டியலில் அவள் எத்தனையாவது என்று வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாவது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தத் தாள்தான். பழுப்பேறிவிட்டது, மடிப்பில் கிழிந்திருக்கிறது, குண்டு எழுத்து மட்டும் மங்கவில்லை. வாக்கியத்துக்குக் கீழே முன்மொழிபவர் என்று போட்டு அவர் கையெழுத்து. அதன் கீழே வழிமொழிபவர் என்று எழுதி ஒரு கோடு. அடக்கம் முடிந்து வந்த அன்று அந்தக் கோட்டின் மேல் என் கையெழுத்தைப் போட்டேன். முன்மொழிந்தவர் உயிரோடு இல்லாத தீர்மானம் செல்லாது என்று சபைச் செயலாளர் சொன்னார். சரிதான். அதே வாக்கியத்தை ஒரு வெள்ளைத் தாளில் பார்த்து எழுதி, முன்மொழிபவர் இடத்தில் என் பெயரைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வழிமொழிபவர் வரியை அவர் விட்டது போலவே காலியாக விட்டிருக்கிறேன். கூட்டம் வருகிற மாதம் இரண்டாம் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும்.